ஆள் இருக்கிற தண்ணீர்

அந்தமான் போகலாம் என்று முடிவானபோது எங்கள் வீட்டில் சண்டை வந்தது டிக்கெட்டுக்கு இல்லை. எந்த பீச் என்பதற்குத்தான். மகளுக்கு அலை வேண்டும். மகனுக்குக் கிளிஞ்சல் வேண்டும். எனக்குக் கொஞ்சம் நிழலும், ஈரத்துணி மாற்ற ஒரு மறைவும் இருந்தால் போதும். என் வீட்டுக்காரருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டும். டிராவல்ஸ்காரரை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒவ்வொரு பீச்சுக்கும் அதையே கேட்டார்.

"அந்தத் தண்ணி ஆள் எடுத்திருக்கா?"

"புரியல சார்."

"யாராவது போயிருக்காங்களா அங்க?"

"ஐயோ, எத்தனையோ ஃபேமிலி போயிருக்காங்க சார். எல்லாரும் சூப்பர்னு சொல்லியிருக்காங்க."

"வந்து சொன்னவங்களக் கேக்கல. வராதவங்களக் கேக்கறேன்."

 அந்த மனுஷன் சொன்னார்: "சார், கடல் சார் அது. அதுகிட்ட நான் எப்படி கேரண்டி வாங்கித் தர்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜனங்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளை விடமாட்டேன் நான். பஸ்ஸில் கேட்டது, ரேஷன் கடையில் கேட்டது என்று எல்லாம் மனசில் கிடக்கும். ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஒரு பீச்சில் கல் கூர்மையாக இருக்கும், காலைக் கிழிக்கும் என்றார்கள். வேண்டாம் என்றார். இன்னொன்றில் அலை பெரிசு. வேண்டாம். மூன்றாவதில் முதலை ஜாக்கிரதை என்று போர்டே வைத்திருக்கிறார்கள், வலை கட்டின இடத்தில்தான் இறங்கவேண்டும் என்றார் டிராவல்ஸ்காரர். அதற்கு மட்டும் இவர் கொஞ்சம் யோசித்தார்.

"முதலை பரவால்ல," என்றார். "கண்ணுக்குத் தெரியும்."

"அப்பாவுக்கு நம்ம பாத்ரூம்தாம்மா ஃபேமிலி பீச்," என்றாள் மகள். அவளுக்கு வாய் என்னைக் கொண்டது.

அவர் கேட்டது ஏன் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார். அவருக்கு ஏழு வயசு, தம்பிக்கு ஐந்து இருக்கும். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து என் மாமனார் பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவுக்குக் கம்பெனி வேலைக்கு வந்த புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரையும் வெளியே கூட்டிப்போனார். கல் வெட்டி எடுத்து விட்டுவிட்ட ஒரு பெரிய பள்ளம், மழைத்தண்ணி நிறைந்து பச்சையாக நின்றது. எதிர்க்கரையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, கையை ஆட்டி ஏதோ கத்தினாள். மாமனார் அப்போதுதான் கன்னடம் பழகிக்கொண்டிருந்தார். பழகின நாலு வார்த்தையைப் பிள்ளைகளுக்கும் அர்த்தம் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. "அங்க ஆளு இருக்காம்டா, பயப்படாதீங்க" என்று சொல்லி, இரண்டு பேரையும் தண்ணியில் விட்டார்.

என் வீட்டுக்காரர் கரையேறினார். தம்பி ஏறவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த வார்த்தையை அவர்கள் எடுத்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். எதிர்க்கரையில் அந்தப் பெண்ணைத் தவிர ஒருத்தரும் இல்லை. அப்படியானால் ஆளு இருக்கு என்று அவள் சொன்னாளே, அந்த ஆள் எங்கே இருந்தான்? தண்ணிக்குள்தானே.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்குப் பேரே 'அந்த ஆளு'. "அந்த ஆளு இழுத்துக்கிட்டான்" என்பார் மாமனார், பக்கத்துத் தெருக்காரனைச் சொல்வதுபோல. வருஷா வருஷம் அந்த நாளில் பள்ளத்துக்குப் போய்த் தேங்காய் உடைத்து, வெற்றிலை பாக்கும் ஒரு கட்டு பீடியும் வைத்துவிட்டு வருவார். மிச்சமிருக்கிற பிள்ளையையும் அந்த ஆளு கேட்காமல் இருக்கவேண்டுமே. பிற்பாடு அந்தப் பள்ளத்தை மண் கொட்டி மூடி, மேலே கட்டடமும் வந்துவிட்டது. அப்போதும் அவர் விடவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்று தேங்காய் உடைத்தார். வாட்ச்மேன் விரட்டினால், "உள்ள ஒரு ஆளு இருக்காருப்பா, தெரிஞ்சவரு" என்பாராம். சாகிற வருஷம்கூடப் போனார்.

அப்பாவிடமிருந்து அந்த ஆளு பிள்ளைக்கு வந்தான். என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர், மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர், நாலு பாஷை பேசுவார். ஆனால் ஏரிக்கரையில் நடந்தால் தண்ணிப் பக்கம் நான்தான் நடக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பென்றால் மகளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். இதெல்லாம் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஒருநாள் மகனைக் குளிப்பாட்டும்போது, பெரிய நீல டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "அம்மா, உள்ள ஆளு இருக்கா?"

யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்றைக்குத்தான் பிடிவாதமாக முடிவெடுத்தேன், இந்தப் பிள்ளைகள் கடலில் இறங்கியே ஆகவேண்டும், அதுவும் அவர் கண் முன்னால் என்று. சித்தப்பாவைக் கொண்டுபோனவன் இவர்களோடும் வளரக்கூடாது.

அடுத்த வாரம் கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். மைசூர்ப் பக்கத்துக்காரர். போன வருஷம் பேரப்பிள்ளைகளோடு அந்தமான் போய்வந்தவர். போனில் ஒரு பீச்சைக் காட்டினார். கரையிலிருந்து ரொம்ப தூரம் வரைக்கும் தண்ணி முழங்காலுக்குக் கீழே, அடியில் மணல் தெரிகிறது.

"ஆள இல்லா ரீ. மக்களிகே தும்பா சென்னாகிதே," என்றார்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள் நான், கன்னடம் எனக்குத் தெருவிலேயே வந்தது. ஆழம் இல்லை, பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லா இருக்கும் என்கிறார். கன்னடத்தில் ஆழத்துக்கு 'ஆள'. "சரி ஆன்ட்டி" என்று தலையாட்டிவிட்டு நாலு படி ஏறினேன். ஐந்தாவது படியில் கால் நின்றுவிட்டது.

மேலே அவர் மகளின் யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "ஏங்க, அன்னிக்கு அந்தப் பொம்பள கன்னடத்துல என்னன்னு கத்தினா?"

இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. மாமனார் சொன்ன அர்த்தம்தான் எனக்குத் தெரியும்.

அவர் தலை நிமிரவில்லை. ஒரு பெண்ணின் குரல்போலக் கொஞ்சம் உயர்த்தி, "ஆள இதே, ஆள இதே-ன்னு," என்றார். "ஆளு இருக்குன்னு."

அயர்ன் பெட்டி காலரைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது. தான் சொன்னது இப்போது அவர் காதுக்கே கேட்கும், இப்போது கேட்கும் என்று அவர் முகத்தையே பார்த்தேன். கேட்கவில்லை. தினமும் கன்னடத்தில் வேலை வாங்குகிற மனுஷன்தான். ஆனால் அவர் கம்பெனியில் ஆழத்துக்கு 'டெப்த்' என்றுதான் பேர். இந்த ஒரு வாக்கியம் மட்டும், கன்னடம் தெரியாத ஏழு வயசுப் பையனின் காதில் அப்பா சொன்ன அர்த்தத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

ஆழமா இருக்கு, ஆழமா இருக்கு என்று அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். பிள்ளைகளை விடாதே என்று சொல்லியிருக்கிறாள். மாமனாருக்கு 'இதே' என்றால் இருக்கு என்று தெரியும். 'ஆள' தமிழ் ஆள்தானே என்று நினைத்துவிட்டார். பாதி தெரிந்திருந்தது. முழுசாகத் தெரியாமலே இருந்திருந்தால் அவள் கையை ஆட்டினதைப் பார்த்தாவது நின்றிருப்பார்.

சொல்லிவிட்டால் பேய் போய்விடும். ஒரு நிமிஷத்தில் போய்விடும். ஆனால் அந்தப் பேய்மேல் கிடந்ததெல்லாம் அப்புறம் யார்மேல் வந்து விழும்? சுவருக்கு வெளியே நின்று தேங்காய் உடைத்த மனுஷன்மேல். செத்தவர்மேல் அதை எப்படி ஏற்றுவேன்? வாயை மூடிக்கொண்டேன். கீழ்வீட்டு அம்மா காட்டின பீச்சுக்குத்தான் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். எப்பவும் கூட்டம் இருக்கும் என்றதும் அவர் ஒத்துக்கொண்டார்.

அங்கே போய் இறங்கினோம். போனில் பார்த்தது போலவேதான் இருந்தது. வெளிர்பச்சைத் தண்ணி, அசைவே இல்லை. ஒரு ஓரம் மரநிழல், துணி மாற்ற ஓலைத் தட்டி வைத்த மறைப்பு. ஓட்டி வந்த தமிழ்க்கார ஆட்டோக்காரர், "தண்ணி ஏறிட்டு இருக்கு, அதோ அந்தக் கொடிக்கு அங்கிட்டு மட்டும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் செருப்பை உதறிவிட்டு நின்றாள், அப்பா முகத்தைப் பார்த்தபடி. மகன் அவர் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, ஆளு இருக்கா?"

அவர் தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையிலே அத்தனை ஜனம், சோளம் சுடுகிற புகை, பலூன், ஒருத்தர் செல்ஃபிக்குச் சிரிக்கிறார். அதன் நடுவில் இவர் மட்டும் அந்தக் கல்பள்ளத்துக்கு முன்னால் நின்றார். நான் மகளின் கையைப் பிடித்தேன். "வாடி, நாம போலாம்" என்று ஒரு அடி வைத்தேன்.

"நில்லு," என்றார்.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு அம்மா கத்தினாள். எங்கே போனாலும் பெங்களூர்க்காரர்களுக்குக் குறைச்சல் இல்லை. அவள் பெண்குழந்தை கொடியைத் தாண்டப் போய்க்கொண்டிருந்தது. இவள் சுடிதாரை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையை ஆட்டி ஆட்டி, முன்னால் போகாதே என்று கன்னடத்தில் கத்தினாள்.

"முந்தே ஹோகபேடா! ஆள இதே! ஆள இதே!"

குழந்தை நின்றது. திரும்பிப் பார்த்தது. தண்ணியை அளைந்துகொண்டு அம்மாவிடம் வந்துவிட்டது. அவ்வளவுதான். முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு சிரித்தது.

நான் அவரைப் பார்க்கவே பயந்தேன். பார்த்தேன். அவர் உதடு அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. அப்புறம் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்ங்க."

"எப்பலேந்து?"

"கொஞ்ச நாளாத்தான். நீங்க அயர்ன் பண்ணும்போது சொன்னீங்களே, அப்ப."

அவர் மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கே அந்தம்மா சொல்லியிருக்கா," என்றார். "சொல்லியிருக்காம்மா. நல்லாத்தான் சொல்லியிருக்கா." கை மணலைத் தட்டிவிட்டு, "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமப் போச்சு. நல்லவேளை," என்றார். நல்லவேளை என்று சொன்ன குரல் நல்லவேளை என்பதாக இல்லை.

மகன் இன்னும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கேள்வியை அவன் விடவில்லை. "அப்பா, ஆளு இருக்காப்பா?"

"இல்லடா," என்றார். "யாரும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. ஆழம்தான் இருக்கு. அது கொடிக்கு அங்கிட்டு."

எழுந்து பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் அவர் நடந்தார். அந்த மனுஷனின் காலில் கடல்தண்ணி பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொடி வரைக்கும் போனார். தொடையளவு தண்ணியில், அதற்கு மேல் ஒருத்தரும் போகாதபடி குறுக்கே நின்றுகொண்டார். கரைக்கும் அவருக்கும் நடுவில் பிள்ளைகள் தண்ணியை வாரி இறைத்துக் கத்தினார்கள். மகள் முங்கி எழுந்தாள். மகன் உட்கார்ந்து பார்த்தான், கழுத்து வரை. நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

ஆனால் அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பவில்லை. எதிரே, கரையே இல்லாத பக்கமாகப் பார்த்து நின்றார். போகப்போக அவர் கை மேலே எழுந்தது, தூரத்தில் யாருக்கோ காட்டுவதுபோல. நான் மெதுவாகத் தண்ணிக்குள் அவர் பக்கத்தில் போனேன். கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார், மரியாதையாக, எதிர்க்கரையில் நிற்கிற, வயசில் மூத்த ஒரு பெண்ணிடம் பேசுகிற மாதிரி.

"கேளிஸ்தம்மா," என்றார். கேட்டுச்சும்மா. "கேளிஸ்தம்மா. கேளிஸ்து."

மகன் என் பின்னாலேயே வந்திருக்கிறான். ஈரக் கையால் என் விரலைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா யாரோட பேசறாரும்மா?"

அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். தண்ணி மட்டும்தான் இருந்தது. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றேன்.