படத்தின் வலப்பக்கம்

சண்டை முடிந்த அடுத்த வருசம் அக்கா சுவிஸிலிருந்து குடும்பத்தோடு லீவுக்கு வந்தாள். வந்த நாட்களில் பாதியைக் கமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டே கழித்தாள். மட்டக்களப்பு வாவியில் பறக்கிறது, நிற்கிறது, முங்குகிறது ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. திரும்பிப் போன பிறகு மின்னஞ்சல் வந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பறவை அல்பம் செய்ய வேண்டுமாம். படங்களை அளவாக வெட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயர் போட்டு அனுப்பச் சொன்னாள். ஸ்டூடியோவில் வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி இருந்தால் இந்த வசதியெல்லாம் கிடைக்கும்.

படத்தை வெட்டத் தெரியும். பறவை எனக்கு எங்கே தெரியும்? வெள்ளையாக நின்றால் கொக்கு, கறுப்பாக நின்றால் நீர்க்காகம். அவ்வளவுதான். நல்ல காலம், சுனாமி நிவாரணத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் மறந்துவிட்டுப் போன பறவைப் புத்தகம் கடை அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தது. அதை விரித்த பிறகுதான் கொக்கிலே இத்தனை சிக்கல் இருப்பது தெரிந்தது. சின்ன வெண்கொக்கு, நடு வெண்கொக்கு, பெரிய வெண்கொக்கு என்று மூன்று. மூன்றும் ஒரே வெள்ளை. சின்னதற்கு விரல்கள் மஞ்சளாம், ஆனால் அது சேற்றுக்குள் நின்றால் விரலை யார் கண்டது? பெரியதின் மஞ்சள் அலகு குஞ்சு பொரிக்கிற காலத்தில் கறுத்துப்போகுமாம். நிறத்தை நம்பாதே, அலகு பிளக்கிற இடத்திலிருந்து ஓடுகிற வாய்க்கோட்டைப் பார் என்றது புத்தகம். பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னுக்குப் போகும். எந்தக் காலத்திலும் அது மாறாது.

மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள் என்பது எனக்குப் புதிய பாடமல்ல. சுனாமி வந்த காலை அம்மா கடலோரத்து நாவலடியில் சின்னம்மா வீட்டில் நின்றார். யாரென்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களை அடக்கம் பண்ணுவதற்கு முன் படம் எடுத்து வைத்தார்கள். அந்தப் பிலிம் சுருள்களில் சில எங்கள் ஸ்டூடியோவுக்குத்தான் கழுவ வந்தன. கடலில் ஊறிய முகங்கள் எல்லாம் ஒரே முகம். மெசினிலிருந்து விழுந்த படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு காதைக் கண்டேன். தோட்டின் பாரத்தில் அறுந்து, தைத்து, தையல் கோணலாகிப்போன இடது காது. அதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அன்று அந்தப் படக்கட்டை மேசையில் வைத்துவிட்டுத் தரையில் இருந்துவிட்டேன்.

அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"மொகம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல. காதக் கண்டன்."

"காத மட்டும் பாத்து எப்பிடிச் சொன்னாய்?"

அதற்குப் பிறகும் வருசக்கணக்காக, வேறு கதை கதைத்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் அதையே கேட்பாள். அவள் என்னை நம்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

தம்பி அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு லொறி ஓட்ட வன்னிக்குப் போனான். பிறகு சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. சண்டையின் கடைசி மாதங்களில் ஒரு தரம் போன் எடுத்து, "அக்கா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றான். அதோடு சரி. அந்த வருசம் ஸ்டூடியோவுக்கு வந்த சனமெல்லாம் கலியாணவீட்டுப் படத்தைக் கொண்டுவந்து, கூட்டத்துக்குள் நிற்கிற ஒரு தலையைக் காட்டி, இதை மட்டும் வெட்டிப் பெருப்பித்துத் தா என்று கேட்டது. காணாமல் போனவர்களைத் தேடி முகாமுக்கும் அரச கந்தோருக்கும் கொண்டு திரிய. அளவுக்கு மிஞ்சிப் பெருப்பித்தால் முகம் கட்டங்கட்டமாக உடைந்துவிடும். "இதுக்கு மேல ஏலாது அம்மா" என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனேன். தம்பியின் தலையையும் அப்படித்தான் ஒரு படத்திலிருந்து வெட்டியெடுத்துக் கொண்டு திரிந்தேன்.

அக்கா லீவுக்கு வந்து நின்றபோதுதான் அம்மாவின் திவசம் வந்தது. படைக்கும் நேரத்தில் பெரியம்மா, "தம்பிக்கும் ஒரு இலை போடுவமே புள்ள" என்று மெல்லக் கேட்டார். அக்கா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் ஒரு இலையோடு நிறுத்திக்கொண்டேன்.

அல்பத்துக்கு நான் பெயர் போட்டு அனுப்பியவற்றில் ஒன்று பனிச்சங்கேணிப் பாலத்தடியில் எடுத்தது. வாகனத்தில் திருகோணமலைக்குப் போகிற வழியில் இறங்கி எடுத்திருக்கிறாள். ஆழமில்லாத தண்ணீரில் ஒரு கொக்கு. புத்தகத்தை வைத்து மல்லுக்கட்டி, 'பெரிய வெண்கொக்கு' என்று போட்டேன். மற்றப் படங்களைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. வடிவாப் பார்த்தாயா? இன்னொரு தரம் பார். நான் வாய்க்கோட்டை விளக்கி எழுதினேன். திரும்பவும் அதே படம் வந்தது, இன்னொரு தரம் பார் என்று. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கொக்கு கொக்குத்தான், வேண்டுமென்றால் அன்னம் என்று போட்டு அனுப்புகிறேன் என்று எழுதினேன்.

அதற்கு ஒரு வரியில் பதில் வந்தது.

"வலப்பக்கத்த ஏன் வெட்டினாய்?"

கொக்கு நடுவில் வர வேண்டுமென்று நான்தான் வலப்பக்கத்தை வெட்டியிருந்தேன். தொழில் பழக்கம், கை தன்பாட்டில் செய்யும். முழுப் படத்தையும் திறந்தேன். வலப்பக்க ஓரத்தில், தூரத்தில், ஒரு தோணி. அதில் ஒருவன் வீச்சு வலையை இடது தோளில் போட்டுக்கொண்டு, எறியப் போகிற நிலையில் நின்றான். தலையில் துவாய் கட்டியிருந்தான். முகம் தெரியவில்லை.

தம்பி இடக்கையன். லொறிக்குப் போவதற்கு முன் வாவியில் மீன் பிடித்தவன், வலையை எப்போதும் இடது தோளில்தான் போடுவான். எறிவதற்கு முன் ஒரு காலை மடித்து மற்றக் காலில் பாரத்தைக் கொடுத்து நிற்பான். கொக்கன் என்று அம்மா அவனைக் கூப்பிடுவதே அந்த நிலையைப் பார்த்துத்தான். படத்திலிருந்தவனும் அப்படியே நின்றான். பெருப்பித்தேன். கட்டங்கட்டமாக உடைந்தது. இன்னும் பெருப்பித்தேன். எத்தனையோ தாய்மாருக்கு ஏலாது என்று சொன்ன நான், அன்று முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அக்கா ஏன் நேரே கேட்கவில்லை என்று யோசித்துக் கோபப்பட முடியவில்லை. என்னாலும் அவளுக்குத் திருப்பி எழுத முடியவில்லை.

கடை பூட்டிய ஞாயிறு, அந்த ஓரத்தை மட்டும் பெரிய படமாக எடுத்துக்கொண்டு வாகரை பஸ்ஸில் பனிச்சங்கேணிக்குப் போனேன். பாலத்தடியில் ஒரு பெண் இறால் விற்றுக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டி, "இந்தாளத் தெரியுமா?" என்று கேட்டேன்.

ஒரு கணம் பார்த்தாள். "தெரியா."

பக்கத்தில் நண்டு வைத்திருந்தவரும் தெரியாது என்றார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் படத்தைப் பார்க்காமலே தெரியாது என்றார்கள். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் விற்காத இறாலையெல்லாம் அவசரமாகக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டை முடிந்தாலும், ஒருவனுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடி வருகிறவர்கள் அந்த ஊருக்கு அவனைப் பிடித்துப்போகத்தான் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நான் அப்படி வந்து நின்றிருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் அப்பிடி ஆள் இல்லகா. என்ட தம்பியத் தேடி வந்திரிக்கன். இவன் அவனப் போல நிக்கான்" என்றேன்.

அவள் படத்தை வாங்கி, தோணியின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தப் பச்ச பெயின்ற் நான்தான் அடிச்சன். இவரு என்ட மனிசன்."

பின்னால் இருந்த ஓலை வாடிக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். அவன் குனிந்து வெளியே வந்து, எட்டத்திலேயே நின்றான். அதே உயரம். அதே தோள். கையில் வைத்திருந்த கத்தியையும் இடது கையில்தான் வைத்திருந்தான். நல்லாகப் பார்க்கட்டும் என்பதுபோலத் தலையிலிருந்த துவாயைக் கழற்றினான். பயந்த, நல்ல முகம். எனக்கு முன்பின் தெரியாத முகம்.

"நான் இல்ல அக்கா" என்றான், ஏதோ பிழை செய்தவனைப் போல.

இறால் கொஞ்சம் கட்டித் தந்தாள். காசு வாங்கவில்லை. படத்தைத் தான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர்களிடம் இருந்த படங்களெல்லாம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டனவாம். கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் போன் எடுத்தேன். மணி ஒரு தரம் அடிக்க முதல் அக்கா எடுத்துவிட்டாள்.

"பனிச்சங்கேணிக்குப் போனன். அது அவன் இல்ல அக்கா."

எனக்குத் தெரியும், அடுத்தது என்ன வரும் என்று.

"எப்பிடிச் சொன்னாய்?"

"மொகத்தக் கண்டன்" என்றேன். "இந்த முற மொகத்தக் கண்டன் அக்கா."

அவள் அழுதாள். அம்மாவுக்குக்கூட என்னிடம் அப்படி அழுததில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மத்தப் படங்களையும் அனுப்பட்டா? கன படம் கிடக்கு புள்ள. கொக்குகள்தான்" என்றாள்.

அடுத்த திவசத்துக்கு இரண்டாவது இலையைப் போடுவோமா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.

"அனுப்புங்க" என்றேன்.

இன்றைக்கும் அனுப்புகிறாள். மகள் பள்ளிக்கூடம் முடித்து வேலைக்கும் போய்விட்டாள், அல்பம் எங்கே கிடக்கிறதோ தெரியாது. நான் ஒவ்வொரு படத்தையும் திறந்து, முதலில் நான்கு ஓரங்களையும் பார்த்துவிட்டு, பிறகுதான் கொக்குக்கு வருகிறேன்.