எந்த ஊரில் எப்போது இருட்டும்

விடுமுறைக்குச் செஞ்சியில் வந்து இறங்கிய மறுநாளே என் கணவரின் அலுவலகத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. மஸ்கட் கிளையை மூடுகிறார்கள். தோஹாவுக்குப் போகலாம், இல்லையென்றால் கோலாலம்பூருக்குப் போகலாம். எது வேண்டும் என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். இரண்டு ஊரிலும் அதே வேலை, ஏறக்குறைய அதே சம்பளம். ஆக, நாங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பத்து வயது மகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது?

அவளுக்கு ஏற்கெனவே மூன்று பள்ளி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு தோழியைப் பிடித்து, அவள் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய் வரும் அளவுக்கு நெருங்கும்போது எங்களுக்கு மாற்றல் வந்துவிடும். நாற்றுகூட ஒரு தடவைதான் பிடுங்கி நடப்படுகிறது. இந்தத் தடவை நடுகிற இடத்தில் அவள் வேர் பிடித்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

என் நைனா வீட்டில் மாடியில்தான் போனுக்குச் சிக்னல் ஒழுங்காக வரும். காலையில் காபியோடு மேலே போனால் வெயில் ஏறும்வரை பள்ளிகளின் இணையதளங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரிதான் இருக்கும். பச்சைப் புல்வெளி, அதில் நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிள்ளைகள், நான்கும் சிரிக்கும். 'உங்கள் குழந்தையின் தனித்துவத்தை நாங்கள் கொண்டாடுகிறோம்' என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைப் போட்டிருப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் சேர்ந்தேன், ஊருக்கு ஒன்றாக. தன் பிள்ளை படிக்கிற பள்ளிதான் உலகத்திலேயே நல்ல பள்ளி என்று ஒவ்வொருத்தியும் சத்தியம் செய்தாள். பின்னே, அவ்வளவு பீஸ் கட்டிவிட்டு வேறு எதைச் சொல்ல முடியும்?

நைனாவுக்குக் கடைத்தெருவில் அரிசி மண்டி. மதியம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னாம்மா, மாடு வாங்கப் போறவன் பல்லப் புடிச்சிப் பாக்கற மாதிரி பாத்துனே இருக்கற. இன்னும் முடியலயா?"

"உங்களுக்கு இன்னா நைனா, என்னை கவர்மென்ட் ஸ்கூல்ல கொண்டுபோய்த் தள்ளிட்டு மண்டிக்குப் போய்ட்டீங்க."

"நீ இன்னா கெட்டா பூட்ட?"

இதற்குப் பதில் சொன்னால் பேச்சு வளரும் என்பதால் நான் போனைப் பார்ப்பேன்.

என் மனம் தோஹா பக்கம்தான் சாய்ந்தது. மஸ்கட்டில் படித்த அதே பாடத்திட்டம். சீட் தருவதாகவும் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கோலாலம்பூரில் நாங்கள் பார்த்த பள்ளியில் நுழைவுத் தேர்வு உண்டு, அதில் தேறினாலும் இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். பாடத்திட்டமே வேறு, போதாததற்குச் சீன மொழி கட்டாயம். தோஹாவுக்கு ஆதரவாக இன்னொரு காரணமும் இருந்தது. அதை வெளிநாட்டு அம்மாக்களின் குழுவில் சொன்னால் யாருக்கும் புரியாது. அங்கே பள்ளி மதியமே விட்டுவிடும்.

நாங்கள் ஜைனர்கள். மேல்சித்தாமூரில் எங்களுக்கு நிலம் இருக்கிறது, ஜைன மடத்துக்குப் பக்கத்திலேயே. பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் கணவரும் வெளிநாடு போன புதிதிலேயே அதை விட்டுவிட்டோம். அவர் வீடு திரும்பவே ஏழு, ஏழரை ஆகும்போது வேறென்ன செய்வது? ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் மடத்துத் தேருக்குப் போய்வந்த மகள், இனிமேல் இருட்டினபிறகு சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. அப்படியே தாத்தாவின் வீம்பு.

தாத்தாவின் வீம்பு சாதாரண வீம்பு இல்லை. செஞ்சியில் மேற்கே ராஜகிரி மலை இருப்பதால் வெயில் நேரத்தோடு மலைக்குப் பின்னால் போய்விடும். நைனாவுக்கு அதுதான் அஸ்தமனம். என் நிச்சயதார்த்தத்தன்று பிள்ளை வீட்டார் வரத் தாமதமாகி, இலை போடும்போது வெயில் மலையைத் தாண்டிவிட்டது. சம்பந்தி கையைப் பிடித்து உட்கார வைத்தும் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார் மனுஷன். அந்தக் கதையை என் கணவர் இன்றுவரை விடவில்லை.

"மாமா, இன்னும் இருவது நிமிஷம் பொழுது இருக்குதுன்னு போன் சொல்லுது" என்று சீண்டுவார்.

"போனு மலையப் பாத்துச்சா மாப்ள?" என்பார் நைனா.

விடுமுறையில் நாங்களும் வீட்டோடு சேர்ந்து பொழுதோடு சாப்பிட்டுவிடுவோம். அம்மா ஆறு மணிக்கெல்லாம் கூடத்தில் எல்லோருக்கும் வரிசையாகத் தட்டு வைத்துவிடுவாள். மகள் அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிடுவாள். மஸ்கட்டில் தட்டில் இருப்பதில் பாதியை ஒதுக்குகிறவள் இங்கே வாழைக்காய்ப் பொரியலை இரண்டாம் தடவை கேட்டாள். அம்மா கைப்பக்குவம் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நானும் அதே வாழைக்காயைத்தான் பொரிக்கிறேன்.

கடைசி வாரம் தோஹா என்றே முடிவாகிவிட்டது. மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். மதியமே வீட்டுக்கு வந்துவிடலாம், இருட்டுவதற்குள் அவசரமில்லாமல் சாப்பிடலாம், நீச்சல்குளம் இருக்கிறது, நூலகம் இரண்டு மாடி. தலையை ஆட்டினாள். நீச்சல்குளம் என்றால் துள்ளுகிற பெண், வெறுமனே தலையை ஆட்டினாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

அங்கே சேர்க்க அவளுடைய சான்றிதழ்களில் முத்திரை வாங்க வேண்டும் என்று கணவர் விடியற்காலையில் சென்னைக்குக் கிளம்பினார். சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஐந்தரைக்குப் போன் செய்தபோது பஸ் திண்டிவனத்தைக்கூடத் தொடவில்லை.

அம்மா வழக்கம்போலத் தட்டுகளை வைத்தாள். நைனா மண்டியிலிருந்து வந்து உட்கார்ந்தார். மகள் தன் தட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் தட்டையும் இழுத்து வைத்துக்கொண்டு, கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா வர லேட்டாவும். நீ சாப்டு" என்றேன்.

"வேணாம். வரட்டும்."

"வெயில் போய்டும்டி. அப்புறம் நீதான் சாப்பிடமாட்ட."

"பரவால்ல."

நைனாவும் அம்மாவும் சாப்பிட்டு எழுந்தார்கள். நானும் பேருக்குச் சாப்பிட்டேன். சோறு ஆறியது. மாடிக்கும் கூடத்துக்கும் நடந்து பார்த்தேன். வெயில் ராஜகிரியின் தோளுக்கு வந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டினியாகப் படுக்கப் போகிறாள் என்கிற பயம்தான், வேறொன்றும் இல்லை. பயம் வந்தால் கத்துவது என் சுபாவம்.

"யாருகிட்ட வீம்பு காட்டற? மஸ்கட்ல தெனம் அஞ்சு மணிக்கு உக்காந்து சாப்பிடற இல்ல? அங்க அப்பா வர வரைக்கும் காத்துனா இருந்த?"

"அங்க காத்திருந்தா இருட்டிடும். அதான் நான் மட்டும் சாப்பிடறேன்" என்றாள். குரல் உடையவில்லை. சும்மா தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். "இங்கதான் எல்லாரும் கூட உக்கார்றீங்க. தோஹா போனா திரும்ப நான் மட்டும்தானே."

நான் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"தோஹால குளிர்காலத்துல அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிடும்மா. அப்பா ஆபீஸே அஞ்சு மணிக்குத்தான் விடும். கோலாலம்பூர்ல வருஷம் பூரா ஏழு மணிக்கு மேலதான் இருட்டும். அங்க ஆபீஸ் பக்கத்துலயே வீடு தருவாங்கன்னு அப்பா சொன்னாரில்ல? எவ்ளோ லேட்டானாலும் ஆறரைக்கு வந்துடலாம். நான் தாத்தா போன்ல பாத்தேன்."

"இத ஏன்டி மொதல்லயே சொல்லல?"

"நீ ஸ்கூல் பத்தித்தானே கேட்ட?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடமாக நான் ஐந்து மணிக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, துணி மடிக்கவோ போன் பேசவோ போயிருக்கிறேன். அவளுடைய விரதத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்கிற நல்ல அம்மா என்றுகூட நினைத்திருந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாட்டுப் பள்ளிகளை அலசிய எனக்கு என் வீட்டு மேசை தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. கணவர் பையோடு உள்ளே வந்தார். மகள் எழுந்து வாசலுக்கு ஓடி மலையைப் பார்த்தாள். வெயில் ராஜகிரிக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து தன் தட்டைக் கையில் எடுத்தாள், உள்ளே கொண்டுபோய் வைக்க.

"எங்க எடுத்துனு போற?" என்றார் நைனா.

"வெயில் போய்டுச்சு தாத்தா."

நைனா வாசலில் இறங்கினார். ராஜகிரிப் பக்கம் திரும்பவே இல்லை. தெற்கே சந்திரகிரி மலையைப் பார்த்தார். அதன் உச்சியில் ஒரு பாறை மட்டும் இன்னும் மஞ்சளாக இருந்தது.

"அங்க வெயில் இருக்குது பாரு. போ, உக்காரு. மாப்ள, கை கழுவினு வாங்க, சீக்கிரம்."

என் கணவர் வாயைத் திறந்தார். நிச்சயதார்த்தக் கதையை எடுக்கப் போகிறார் என்று தெரிந்து நான் முறைத்தேன். மூடிக்கொண்டார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். நைனா சாப்பிட்டு முடித்தவர்தான், இருந்தாலும் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அம்மா கத்திரிக்காய்க் குழம்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். நான் சோற்றைப் போட்டுக்கொண்டே கணவரிடம், "கோலாலம்பூர்னு ஆபீசுக்குச் சொல்லிடுங்க" என்றேன்.

"இப்பத்தான் நாள் பூரா அலைஞ்சி முத்திரை வாங்கினு வரேன்" என்றார். "சீட்டே இல்லையே அங்க? பரீட்சை வேற இருக்குது. என்ன திடீர்னு?"

"எழுதுவா. கிடைக்கலன்னா வேற ஸ்கூல்."

"நூலகம் ரெண்டு மாடின்னு நீதானே குதிச்ச? காரணத்தச் சொன்னாத்தானே…"

மகள் தன் தட்டிலிருந்த வாழைக்காய்ப் பொரியலில் பாதியை அவர் தட்டுக்குத் தள்ளினாள்.

"பேசாம சாப்டுப்பா, இருட்டிடப் போவுது."