அடிபட்ட இடம் தெரியாத கார்

என் மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டுகிறவர்; தினமும் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். அவருக்குக் கோபம்கூட இண்டிகேட்டர் போட்டுவிட்டுத்தான் வரும். சிக்னலில் நின்ற அவர் காரைப் பின்னால் வந்த பால்வண்டி இடித்தபோதும், இறங்கிப் போய், "உங்களுக்கு அடி எதுவும் இல்லையே?" என்று கேட்டாராம். டிக்கி நசுங்கி, பம்பர் தொங்கிக்கொண்டிருந்தது. உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். எங்கள் சர்வேயர் வந்து பார்க்கும்வரை காரைத் தொடாதீர்கள் என்றார்கள்.

தொடாமல் இருக்க எங்கள் குடும்பத்தால் முடியுமா? என் மகன் டிங்கர். நசுங்கிய தகரத்தைக் கண்டால் அவன் கை பரபரக்கும். கேள்விப்பட்டதும் பட்டறையிலிருந்து நேரே வந்துவிட்டான்.

"மச்சான், நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீங்க எவனோ வந்து பாக்கட்டும்னு உக்காந்திருக்கீங்க?"

"இல்ல மச்சான், கம்பெனிக்காரங்க பாக்காம..."

"அவங்க வந்து தலைய ஆட்டுறதுக்குள்ள மாசம் ஓடிடும். ஸ்கூல் பிள்ளைங்கள முதுகுல சுமந்துட்டுப் போவீங்களா?"

"அண்ணே, அவங்க வந்துட்டுப் போகட்டுமே" என்றாள் என் மகள்.

"ஏன், அண்ணன் கைமேல நம்பிக்கை இல்லையா?"

அதற்குமேல் அவள் என்ன பேசுவாள்? "காட்டவேண்டியவங்களுக்குக் காட்டிட்டு அப்புறம் தட்டுடா" என்று நானும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான், இன்றைக்கும் சொல்வேன். யார் கேட்டார்கள்? மறுநாளே காரைப் புதுசாக்கி நிறுத்திவிட்டான். நொறுங்கிய பம்பர் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

சர்வேயர் வந்தார். காரை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"அடிபட்ட வண்டி எங்கங்க?"

"இதான் சார்" என்றார் மாப்பிள்ளை.

"தடவிப் பாருங்க சார், உங்க விரலுக்கே தெரியாது" என்றான் என் மகன்.

அவர் தடவியே பார்த்தார். "நிஜமாவே தெரியல. பழைய பம்பர் இருக்கா? போட்டோ?"

மாப்பிள்ளையின் போனில் பால்வண்டியின் நம்பர் மட்டும்தான் இருந்தது. தன் கார் அடிபட்டதை அவர் படமே எடுக்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத அடிய நான் என்னன்னு எழுதுறது?" என்று கேட்டுவிட்டுச் சர்வேயர் கிளம்பினார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பாவம். கார் வைத்திருக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடிபட்டதை அடிபட்டபடியே காட்டவேண்டும், உடைந்த துண்டைக்கூட விடக்கூடாது. கிளைம் பணம் அன்றைக்கே கைவிட்டுப் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாப்பிள்ளை சாப்பிட உட்காரும்போது வலது தோள் தூக்கியே இருந்தது. தினமும் என் மகள் தைலம் தேய்த்தாள்.

"தோளுக்கு என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல அத்தை. தூங்குனது சரியில்ல."

ஒருநாள் பெயின்ட் வாங்க என் மகன் அந்தக் காரை எடுத்துப் போனான். திரும்பி வந்தவன் கைகூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், வண்டி இடது பக்கமா இழுக்குது."

"கொஞ்சம்."

"எப்பலேருந்து?"

"அடிபட்டதுலேருந்துதான். விடுங்க, ஸ்டீயரிங்க வலது பக்கமா இழுத்துப் பிடிச்சே ஓட்டிப் பழகிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவ்வளவு ஆசையா செஞ்சீங்க. எப்படிச் சொல்றது?"

மேலே தகரம் நிமிர்ந்திருந்தது. அடியில் சக்கரத்தைத் தாங்குகிற இரும்பு வளைந்தே கிடந்திருக்கிறது. சர்வேயர் அந்த நசுங்கலைப் பார்த்திருந்தால், காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பார். கம்பெனியே செலவை ஏற்றிருக்கும்.

பெரிய ஒர்க்‌ஷாப்காரர்களை, மெஷினை வைத்து ஊரை ஏய்க்கிறவன்கள் என்று வாய் ஓயாமல் திட்டுகிறவன் என் மகன். அங்கேயே காரைக் கொண்டுபோய் விட்டான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அங்கே கேட்டதற்கு, டிரைவர் என்று சொன்னானாம். செலவு முழுவதும் அவனுடையது. மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போட்டான்.

"இழுக்குதா மச்சான்?"

"இல்ல மச்சான், நேரா போகுது."

கார் நேராகத்தான் போகிறது. மாப்பிள்ளையின் தோள்தான் இன்னும் இறங்கவில்லை. இப்போது தைலம் வாங்கி வருகிறவன் என் மகன்.