ஆராயிக்கு எழவு சொன்னவன்

ஆராயி செத்துப்போன அன்று காலை, சேரி ஆண்கள் எல்லாரும் பாடைக்குப் பச்சை மூங்கில் தேடி அலைந்துகொண்டிருக்க, சென்றாயன் மட்டும் தன் குடிசைக் கூரையில் செருகியிருந்த தடியை உருவிக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக அங்கேயே கிடந்த தடி. கரையான் ஒரு பக்கம் தின்றிருந்தது. துண்டால் துடைத்து, தரையில் ஊன்றிப் பார்த்தான். தாங்கியது.

வெண்ணந்தூரை அடுத்த அந்த ஊரில், நிலக்காரப் பண்ணாடி வீடுகளில் யார் கண்ணை மூடினாலும் நடந்துபோய் உறவுக்காரர்களுக்குச் சொல்லுகிற வேலை அவன் அப்பனுக்கு இருந்தது. அப்புறம் அவனுக்கு வந்தது. ராசிபுரத்திலிருந்து மோகனூர் ஆற்றங்கரை வரை அவன் மிதிக்காத வண்டித்தடம் கிடையாது. சொல்லி முடிக்கும்வரை வாயில் தண்ணீர் படக்கூடாது. தெருவுக்குள் கால் வைக்கக்கூடாது. ஊர் முனையில் ஒரு கல் இருக்கும். அங்கே நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். நல்ல சேதி என்று ஒன்றை அவன் யாருக்கும் கொண்டுபோனதே இல்லை. அவன் தலை தெரிந்தால் குழந்தைகள் வீட்டுக்குள் ஓடிவிடும். பெண்டாட்டி போனபிறகு அவனோடு குந்திப் பேச ஆளில்லாமல் போனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். பேச்சை எடுத்தால் யாரோ செத்துவிட்டதுபோல எதிராளிக்கு முகம் மாறும்.

ஆராயியின் புருஷன் பச்சமுத்துவும் அதே வேலைக்குப் போனவன்தான். பெரிய பண்ணாடி செத்த வருஷம், சொல்லவேண்டிய ஊர்கள் அதிகம், ஆள் போதவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தவனை எழுப்பி மோகனூர்ப் பக்கம் அனுப்பினார்கள். போகும் வழியில் எல்லா ஊருக்கும் சொன்னான். திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. யாரோ வழிப்போக்கர்கள் புதைத்தார்கள். எழவு சொல்லப் போனவனுடைய எழவைச் சொல்ல ஆளில்லை. பண்ணாடியின் கருமாதிச் சோறெல்லாம் முடிந்தபிறகு, சந்தைக்குப் போனவர்கள் பேச்சுவாக்கில் கேட்டுவந்து சொல்லித்தான் ஆராயிக்குத் தெரிந்தது.

அவள் அழுதது கொஞ்ச நாள்தான். அடுத்த சாவுக்கு ஆள் கேட்டு வந்தபோது சேரி வாசலில் நின்றுகொண்டாள். "பேரு சொல்லிக் கூப்புடட்டும், கஞ்சி ஊத்தி அனுப்பட்டும், தெருவுக்குள்ள வந்து சொல்லுன்னு சொல்லட்டும். அப்ப வாரோம். இல்லீனா உங்க எழவை நீங்களே சொல்லிக்கோங்க" என்றாள். அந்த வருஷம் சேரிக்குக் காட்டு வேலை கிடையாது, கிணற்றுத் தண்ணீர் கிடையாது. ஆராயி எல்லாரையும் கூட்டிக்கொண்டு ராசிபுரத்துப் பக்கம் கடலைக்காய் பறிக்கப் போனாள். தாலுக்கா கச்சேரியில் மனுக் கொடுத்தாள். கடைசியில் பண்ணாடிகள் இறங்கி வரவில்லை, தாங்களே போய் எழவு சொல்லச் சைக்கிள் வாங்கினார்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள் முட்டியைப் பேர்த்துக்கொண்டு சைக்கிள் பழகியது ஆராயியால்தான் என்று சேரியில் சிரித்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவள் இறந்த காலையில்தான் சென்றாயன் தடியெடுத்தான். ஆராயியின் அக்காள் மகன் பெரியசாமி அதைப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்ன மாமா, தடியும் கையுமா?"

"எழவு சொல்லப் போறேன்."

"சின்னாத்தா நிறுத்துன வேலை மாமா அது. அவ சாவுலயே அதைத் தொடங்கறயா? அவனுங்க பாத்துச் சிரிக்க மாட்டானுங்களா?"

"அவ நிறுத்துனது அவங்க எழவை. இது நம்ம எழவு."

"அவளுக்கு வெளியூருல ஒறம்பரை, சொந்தம்னு ஆரு இருக்கறா? ஆருகிட்டப் போயிச் சொல்லுவ?"

சென்றாயன் துண்டைத் தலையில் சுற்றினான். "பெரிய பண்ணாடிக்கு எந்தெந்த ஊருக்குச் சொன்னமோ, அந்தந்த ஊருக்குச் சொல்லிப்போடறேன்."

"மண்ணுத் தள்ள வந்துருவியா?"

"பாக்கறேன்."

மாசி வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பருத்திக் காடுகளில் ஆள் இருந்தும், யாரும் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் அனுப்பியவர்களின் அதிகாரம் முதுகில் கை வைத்துத் தள்ளும். இன்றைக்கு முதுகு வெறுமையாக இருந்தது. திரும்பிப் போனாலும் கேட்பாரில்லை.

முதல் ஊர் கல்லாங்காடு. பெரிய பண்ணாடியின் மகள் கண்ணாத்தாளைக் கட்டிக்கொடுத்த ஊர். யோசித்துக்கொண்டே வந்தவன் பழக்க தோஷத்தில் கல்லருகே போய் நின்று துண்டை அவிழ்த்துவிட்டான்.

கண்ணாத்தாள் வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் மோகனூரில் நிறைமாதமாக இருந்தாள். கல்லருகே கக்கத்தில் துண்டோடு ஒரு கிழவன் நிற்பதைப் பார்த்ததும் கையிலிருந்த முறம் விழுந்தது. அவன் வாயைத் திறக்குமுன் அவள் மாரில் அடித்துக்கொண்டு, தங்கமே, மோகனூருல பெத்தெடுக்க இருந்தவளே என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன ஏதென்று கேட்காமலே ஓடிவந்து கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள்.

"மோகனூரு இல்லீங்க" என்றான் சென்றாயன். கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னான். அழுகைச் சத்தத்தில் அதுவும் அமுங்கிப்போயிற்று. இல்லாத சாவை ஒரு வீட்டில் இறக்கிவிட்டோமே என்று பதறி அவளை நோக்கி நடந்தான். பாதித் தெரு போனபிறகுதான் கல்லைத் தாண்டி வந்துவிட்டது உறைத்தது. நிற்காமல் வாசலுக்கே போய்ச் சொன்னான்.

"உங்க மகளுக்கு ஒண்ணுமில்லீங்க ஆத்தா. செத்துப்போனது ஆராயிங்க."

அழுகை அறுந்தாற்போல நின்றது. கண்ணாத்தாளின் மகன் வெள்ளியங்கிரி உள்ளேயிருந்து வந்தான்.

"எந்த ஆராயி? எங்க தாத்தன் ஊர்ல எழவு சொல்ல ஆளில்லாமப் பண்ணுனாளே, அவளா?"

"அவளேதானுங்க சாமி."

"அவளுக்கு மட்டும் சொல்ல ஆளிருக்குதாக்கும். எவன்டா உன்னை அனுப்புனது?"

"ஆரும் அனுப்புலீங்க. நானா வந்தேனுங்க."

வெள்ளியங்கிரிக்கு அதற்குமேல் எப்படித் திட்டுவதென்று தெரியவில்லை. யாராவது ஏவி வந்தவன் என்றால் ஏவியவனைக் கேட்கலாம். அதற்குள் பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் முந்தானையை உதறிக்கொண்டு, "அழுகையை எடுத்துப்போட்டுப் பாதியில உட்டா ஊட்டுக்கு ஆகாது கண்ணாத்தா. புள்ளத்தாச்சிப் பொண்ணை வேற வச்சிருக்கற. எடுத்ததை முடிச்சுப்போடு" என்றாள்.

"ஆரு பேருல முடிக்கறது?"

"செத்தவ பேருலதான். வேற ஆரு பேருல?"

கண்ணாத்தாள் சங்கடத்தோடு சென்றாயனைப் பார்த்தாள். ஒப்பாரிக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே. "அவளுக்குப் புள்ளைங்க எத்தனை?"

"இல்லீங்க."

"புருசன்?"

"பச்சமுத்துங்க. எழவு சொல்லப் போன எடத்துல செத்துப்போனானுங்க."

"ஆரு எழவுக்கு?"

சென்றாயன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்கய்யன் எழவுக்குத்தானுங்க."

கண்ணாத்தாளுக்கு அவனை நினைவு வந்தது. அப்பன் செத்த சேதியை அவளுக்குக் கொண்டுவந்தவனும் அந்தப் பச்சமுத்துதான். கல்லருகே குளிரில் நடுங்குகிறவன்போல நடுங்கிக்கொண்டு நின்றான். வெயில் காலத்தில் இவன் ஏன் நடுங்குகிறான் என்று அன்றைக்கு அந்த அழுகைக்கு நடுவிலும் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அவள் சோளத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்புக்குத்தான் அழுதாள். போகப்போகக் குரல் இறங்கியது. அது அப்பனுக்கா, ஆராயிக்கா, மகளுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதிக்கா என்று சென்றாயனுக்கு விளங்கவில்லை. அதெல்லாம் கேட்கிற கேள்வியும் அல்ல. நடுத்தெருவில், சேர்ந்து அழ முடியாமல், தனியே நின்று அந்த ஒப்பாரியைக் கேட்டான். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்த வழியே வெளியேறினான்.

தெருமுனையில் தடம் இரண்டாகப் பிரிந்தது. இப்போது திரும்பினால் மண்ணுக்குப் போய்விடலாம். அவள் முகத்தை ஒருதரம் பார்க்கலாம். அடுத்த ஊருக்குப் போனால் அது முடியாது. வெகுநேரம் நின்றான். கேட்டுக்கொள்ள ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு அடுத்த ஊர்த் தடத்தில் நடந்தான்.

அங்கே கிணற்று மேட்டில் ஒருவன் தண்ணீர் இறைக்கிற தோல் சாலைத் தைத்துக்கொண்டிருந்தான். சென்றாயன் சேதியைச் சொன்னான். அவன் ஊசியை நிறுத்தவில்லை.

"எந்த ஆராயி?"

பண்ணாடிகளுக்கு வீட்டுப் பெயரைச் சொன்னால் போதும், ஊரே எழுந்து நிற்கும். இவளுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. நிழல் கிழக்கே சாய்ந்துவிட்டது. ஊரில் இந்நேரம் மண் தள்ளிக்கொண்டிருப்பார்கள். சேதி சொல்லப் போன இடத்தில் சென்றாயன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அந்த ஆளுக்கு எதிரே, வெயிலிலேயே உட்கார்ந்தான்.

"அவ புருசன் பேரு பச்சமுத்து" என்று ஆரம்பித்தான்.