முத்திரைக்குப் பயந்து வாங்கிய கட்டில்

எங்கள் ஊரில் செருப்பு தைக்கும் வின்சென்ஸ் மகா கஞ்சன். சலவைக்காரி நோட்புர்காவைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி ஏழு வருடம் ஓடிவிட்டது. "கட்டில் வாங்கணும், அடுப்பு வாங்கணும், கொஞ்சம் சேரட்டும்" என்பான். சேர்ந்த ஷில்லிங் எல்லாம் மெத்தைக்குள் போனது. அவனுக்குப் பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பஞ்ச காலத்தில் சிமெண்ட் ஆலையை மூடினார்கள். ஊரில் பணமே புழங்கவில்லை. மேயர் துணிந்து நகராட்சியின் பெயரில் நோட்டு அடித்தார். பாலம் கட்டியவர்களுக்கு அதுதான் கூலி. அவர்களுடைய பூட்ஸைத் தைத்த வின்சென்ஸுக்கும் அதுவே வந்தது. மாதக் கடைசியில் அந்த நோட்டு யார் கையில் இருக்கிறதோ, அவர் காசு கொடுத்து முத்திரை வாங்கி அதன் மேல் ஒட்ட வேண்டும். ஒட்டாத நோட்டு செல்லாது.

"சும்மா வெச்சிருந்தா அபராதமா? பகல் கொள்ளைய்யா" என்று புலம்பினான் வின்சென்ஸ்.

"செலவு பண்ணித் தொலைடா" என்றேன்.

முத்திரைக்குப் பயந்து முதல் மாதம் அடுத்த வருட வரியைக்கூடக் கட்டிவிட்டான். அடுத்த மாதம் கட்டில் வாங்கினான், அதற்கடுத்து அடுப்பு. பிறகு திரைச்சீலைகூட வந்தது. கல்யாணப் பேச்சு மட்டும் வரவில்லை.

நோட்புர்காவுக்குப் பொறுமை போய்விட்டது. சூரிச்சில் ஒரு ஹோட்டலில் வேலை பேசி, பிப்ரவரி முதல் தேதி காலை ரயிலுக்குப் பெட்டியும் கட்டிவிட்டாள்.

முந்தின நாள், மாதக் கடைசி. மாலையில் வின்சென்ஸ் பத்து ஷில்லிங் நோட்டோடு என் கடைக்குள் ஓடி வந்தான்.

"முப்பது ரொட்டி குடு."

"யாரு திங்கிறது? முத்திரைய என் தலையில கட்டப் பாக்கறியா?"

விடைபெற வந்திருந்த நோட்புர்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு. இன்னும் என்ன சேரணும் உனக்கு?"

வின்சென்ஸ் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கல்யாணக் காணிக்கைக்குப் பாதிரியார் இந்த நோட்ட வாங்கிக்கிறார். நான் எப்பவோ கேட்டு வெச்சுட்டேன்" என்றாள்.

"அப்ப முத்திரை?"

"இன்னிக்கே குடுத்துட்டா அவர் பாடு."

வின்சென்ஸ் தொப்பியைக்கூட எடுக்காமல் கோயிலுக்கு ஓடினான். அவள் என் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தாள், அப்படியே அழவும் செய்தாள். எனக்கும் கண் கலங்கியது. கோயிலில் கல்யாணம் நடத்தாத தவக்காலம் தொடங்குமுன்பே எல்லாம் முடிந்தது.

அந்த வருடமே தலைநகர் வியன்னாவிலிருந்து நகராட்சி நோட்டுக்குத் தடை வந்தது. வின்சென்ஸுக்கு ஒரே குஷி. பழையபடி ஷில்லிங் காசை மெத்தைக்குள் திணித்தான்.

"என் பக்கம் குத்துது. எடு அத" என்றாள் நோட்புர்கா.

மறுநாள் தொட்டில் வாங்கப் போனான்.