வேலிக்கு அப்பால் விழுந்த நீர்

பட்டாசுக் கம்பெனியின் வேலிக்கு மேற்கே எங்கள் நிலக்கடலைத் தோட்டம். வேலிக்குக் கிழக்கே, கம்பெனிக்குள், என் மகளுக்கு வேலை. வேதியியல் படித்தவள், அங்கே மேற்பார்வை பார்க்கிறாள். நான் பள்ளி ஆசிரியன். விடுமுறை நாட்களில் மட்டும் விவசாயி.

அது ஆனி மாதத்துச் சனிக்கிழமை. மும்முனை மின்சாரம் பத்து மணிக்கு மேல்தான் வந்தது. வந்ததும் கிணற்று மோட்டாரைப் போட்டேன்.

தெளிப்புநீர் ஏற்பாடு எளியதுதான். தரையில் கிடக்கும் கறுப்புக் குழாய்களில் ஓடும் தண்ணீர், இடையிடையே நிற்கும் இடுப்புயரக் குழாய்களில் ஏறி, உச்சியிலுள்ள தெளிப்பான் வழியே பீச்சும். அந்த வேகம் தெளிப்பானிலுள்ள ஒரு சிறு கையைத் தள்ளிவிடும். கை திரும்பி வந்து தட்டும். தட்டுக்குத் தட்டு தெளிப்பானின் தலை கொஞ்சம் நகர்ந்து, சுற்றிலும் மழைபோலப் பெய்யும். ஒன்றின் நீர் அடுத்ததன் காலடிவரை விழுந்தால்தான் எல்லாச் செடிக்கும் ஒரே அளவு ஈரம் கிடைக்கும்.

குழாய் போட்டுக்கொடுத்தவர் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தார். காற்று நேரத்தில் ஓட்டக் கூடாது; சில தெளிப்பான்களை மூடினால் மற்றவற்றுக்கு அழுத்தம் கூடிவிடும். அன்று இரண்டையும் மீறினேன். மேற்கு ஓரம் நனைந்துவிட்டதே என்று மோட்டாரை நிறுத்தி, அங்கிருந்த மூன்று தெளிப்பான்களைக் கழற்றி மூடி மாட்டி, மறுபடி ஓடவிட்டேன். தண்ணீர் மிச்சமாகும் என்று நினைப்பு. வேலியோரத் தெளிப்பான்கள் முன்னைவிட எட்டிப் பீச்சின. துளிகள் உடைந்து புகைபோல ஆயின. அந்த நேரம் பார்த்து கம்பெனிப் பக்கமாக மேல்காற்று எழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம், மருந்து காயவைக்கும் தளத்தில், தட்டுத் தட்டாக மணிமருந்து காய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் வண்ணமாகச் சிதறும் வெடிகளுக்குள் வைக்கிற உருண்டைகள். தளம் வேலிக்கு அத்தனை பக்கத்தில் இருந்திருக்கக் கூடாது. அலுமினியத் தூள் கலந்த மருந்து நனைந்தால் தனக்குள்ளேயே சூடேறி, யாரும் நெருப்பு காட்டாமலே பற்றிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

மகளின் குரல் கேட்டது. "எல்லாரும் வாசலுக்கு ஓடுங்க! எதையும் எடுக்காதீக!" அடுத்து எனக்கு: "அப்பா, மோட்டார அமத்துங்க!"

மோட்டார் என் முதுகுக்குப் பின்னால் நூறு தப்படியில் இருந்தது. நான் வேலிக்கு ஓடினேன்.

"தாயி, இங்கன வந்துரு! வேலியத் தாண்டி வந்துரு!"

"இங்கன எதுக்கு வாரீக? மோட்டாரு! மோட்டாரு!"

தெளிப்பான் இன்னொரு சுற்று வந்தது. நீர் என் முதுகை நனைத்து, தலைக்கு மேலாகப் போய்த் தளத்தில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பி ஓடினேன்.

மோட்டாரை நிறுத்திவிட்டு வரும்போது அங்கே வேலை செய்யும் பெண்கள் கம்பெனி வாசலில் நின்றார்கள். மகள் தலைகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. அவள் உள்ளே போனாள். கத்தினேன்; அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே செல்போன் கூடாது, கூப்பிடவும் வழியில்லை. நனைந்த தட்டொன்றிலிருந்து நூலாகப் புகை கிளம்பியது.

கடைசி அறையிலிருந்து ஒரு நடுவயதுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் மறுகையில் தூக்குவாளி.

"விடுடி, மீன்குழம்புடி! சிந்துது பாரு!"

"குழம்பு நாளைக்கும் வைக்கலாம், ஓடியாங்க சித்தி!"

அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகு தளம் பற்றியது. வெள்ளை வெளேரென்று, கண்ணைக் கூசவைத்து, தட்டுக்குத் தட்டு தாவியது. அறைச் சுவர்கள் தாங்கின. யாருக்கும் காயமில்லை.

தூக்குவாளிக்காரிதான் முதலில் பேசினார். "என்ன வாத்தியாரய்யா, கடலைக்கு மட்டும் பாய்ச்சுனாப் பத்தாதா? எங்களையும் முளைக்க வைக்கப் பாத்தீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் மகள் ஒன்றுதான் கேட்டாள். "நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"பெறகு ஏன் வேலிக்கு வந்தீக?"

"நீ அங்கன நின்னயே."

"அதுக்குத்தான அமத்தச் சொன்னேன்!"

அதற்குப் பிறகு எட்டு நாள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. கடலை விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற பருவம். மண் இறுகிவிட்டால் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு விடுமுறை, மகளே என்னைக் கூட்டிப்போனாள். அதிகாலை. இலை அசையவில்லை. வேலியோர வரிசை முழுவதையும் கழற்றினோம். அந்தப் பட்டைக்கு இனிக் குடத்து நீர்தான். என்னை மோட்டார் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவள் வேலியருகே போய் நின்றாள்.

"நான் கத்துவேன். ஒடனே மோட்டார அமத்தணும். என்ன கத்துனாலும் இங்கன வரப்படாது."

மோட்டாரைப் போட்டேன். தெளிப்பான்கள் தட்டத் தொடங்கின.

"அப்பா!"

கால் வேலிப் பக்கம் ஓரடி வைத்துவிட்டது. இழுத்துக்கொண்டு சுவிட்சை அமுக்கினேன்.

"லேட்டு," என்றாள் அங்கிருந்தபடியே. "இன்னொருக்கா."

மறுபடி மோட்டாரைப் போட்டேன்.