கூரையை எட்டாத சுவர்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் ஒரே வரிசை வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் எந்தச் சுவரும் கூரையை எட்டாது. ஆளுயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கும் மேலே முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒரே தகரக் கூரை, ஒரே இருட்டு. யார் வீட்டில் கருவாடு வறுபடுகிறது, யாருக்கு இருமல், எந்த ரேடியோவுக்கு பேட்டரி தீர்கிறது, எல்லாம் அந்த இடைவெளி வழியாக மிதந்து வரும். சின்ன வயதில் நான் வாய்ப்பாட்டில் தடுக்கினால் மூன்றாவது வீட்டிலிருந்து திருத்தம் வரும். சின்ன வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டால், பதிலுக்கு வெங்காயமே பறந்து வரும்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் போன வருஷம் ஊருக்குப் போனேன்.

என் பிழைப்பு தீ. கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சோபாவையும் திரைச்சீலையையும் கொளுத்திவிட்டு, புகை எந்த வழியில் ஓடுகிறது என்று பார்க்கிறவன். கொஞ்ச காலம் வெளிநாட்டில், விண்கலங்களுக்கான சோதனைகளிலும் இருந்தேன். சுடரை ஒரு பெட்டிக்குள் வைத்து உயரத்திலிருந்து விழவிடுவோம். விழுகிற அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு எடை என்பதே இருக்காது; சுடர் தன் நாக்கை உள்ளிழுத்துக்கொண்டு நீல உருண்டையாகிவிடும். மேல் எது, கீழ் எது என்று அறியாத தீ. விண்கலத்தில் புகையும் மேலே ஏறாது. காற்றாடி இழுக்கிற பக்கம் போகும். அதனால் அலாரத்தைக் காற்று ஓடும் பாதையில் வைப்பார்கள். அந்த நீல உருண்டையை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு லயத்துப் புகைதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு வழி தெரிந்த புகை அது!

லயத்துக் கடைசியில், நாங்கள் வளர்ந்த வீட்டில் இப்போது அக்கா தனியாக இருக்கிறாள். அத்தான் இல்லை, பிள்ளைகளும் இல்லை. முட்டி வலியால் சட்டென்று எழ முடியாது. பக்கத்து வீட்டில், திரிங்காப் ஊருக்கு வேனில் போய்ப் பூத்தோட்டத்தில் வேலை செய்கிற ஓர் அண்ணி; உறவுக்கு அல்ல, கூப்பிடும் முறைக்கு. அவள் சமையலறையில் பழைய வயர், காஸ் அடுப்பு, துணி காயப்போடும் கயிறு மூன்றும் ஒரே மூலையில். அங்கே பற்றிக்கொண்டால், அக்கா கட்டிலை விட்டு எழுவதற்குள் புகை அவளிடம் வந்துவிடும்.

போனதும் முதல் வேலையாக அக்கா வீட்டில் அலாரம் மாட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது அலறியது. எங்கள் அடுப்பு பற்றவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி சாம்பிராணி போட்டிருந்தாள்.

"என்னா தம்பி இது? என் சாமிக்குப் போட்டா உங்க வீடு கத்துது!" அண்ணியின் குரல் சுவர் தாண்டி வந்தது.

"உங்க சாமி இங்கயும் வந்துட்டாரு அண்ணி!" என்று கத்திய அக்கா, என்னைப் பார்த்து, "அதை மொதல்ல கழட்டுலா, காது போச்சு" என்றாள்.

மறுநாள் தோட்ட மேனேஜரிடம் கேட்டுவிட்டு, கம்போங் ராஜா டவுனிலிருந்து தீ தாங்கும் பலகைகளை லோரியில் ஏற்றி வந்தேன். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"போன மழைக்கு குளிக்கிற ரூம்ல வழுக்கி விழுந்தேனே, யாருக்குக் கேட்டுச்சு? கே.எல்.ல இருக்கிற உனக்கா? அண்ணிக்குத்தான் கேட்டுச்சு. அந்த ஓட்டை வழியாத்தான். அதைப் போயி அடைக்கிறேங்கிற."

புகை போகும் வழியை அளந்திருக்கிறோம். அதே வழியில் ஒரு குரல் போய் ஆளைக் கூட்டி வருவதை ஆய்வுக்கூடத்தில் யாரும் அளந்ததில்லை.

கடைசியில், "ஒரு தடவை கண்ணால பாத்துடுக்கா" என்றேன். அண்ணி தன் சமையலறையில் ஒரு பழைய தகர டின்னில் ஈரத் தேங்காய் மட்டையைப் புகையவிட்டாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புகை சுவரின் உச்சியை வழித்துக்கொண்டு உருண்டு வந்தது. "வருதா புள்ள?" என்ற அண்ணியின் குரலும் கூடவே வந்தது. அக்கா எழ முயன்றாள். முட்டி மடங்கியது. கட்டில் சட்டத்தைப் பிடித்து மறுபடி எழுந்து, இருமிக்கொண்டே அவள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பின்னால் புகையில் கட்டில் தெரியவில்லை.

வெளியே தேயிலைச் சரிவைப் பார்த்து நின்று இருமித் தீர்த்தாள். பிறகு சொன்னாள்:

"அடைச்சிரு. ஆனா அண்ணி காதை எடுத்துட்டுப் போற இல்ல, உன் காதை இங்க வச்சிட்டுப் போ. தெனம் சாயங்காலம் கூப்பிடணும். ஒரு நாள் விட்டாலும் பலகையப் பேத்துடுவேன்."

"ஏன், நான் வாசல் வழியா வரமாட்டேனா? எனக்கென்ன காலில்லையா?" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. புகையால்தான்.

பலகையை ஏற்றி, தகரத்தின் நெளிவுகளுக்குள் தீப்பிடிக்காத பஞ்சைத் திணித்தோம். அண்ணியின் சமையலறையில், சாம்பிராணிக்கு அலறாமல் சூட்டுக்கு மட்டும் அலறும் ஓர் அலாரத்தை மாட்டி, அக்கா வீட்டு அலாரத்தோடு இணைத்தேன். ஒன்று அலறினால் மற்றதும் அலறும். அன்று சாயங்காலம், என் வாழ்நாளில் முதல்முறையாக, எங்கள் வீட்டில் எங்கள் சமையல் மட்டும் மணந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஓர் ஊரில் நிலைத்து உட்காராதவன் நான். இப்போது எந்த ஊரில் இருந்தாலும், பொழுது சாய்கிறபோது கை போனைத் தேடுகிறது. அக்கா அதிகம் பேசுவதில்லை. போனை அலமாரியில் சாய்த்துவிட்டு அவள் பாட்டுக்கு வேலை பார்ப்பாள். கடுகு வெடிக்கும், கரண்டி விழும், அண்ணியின் செருப்பு வாசலில் உரசும். நேற்று வெகுநேரம் சத்தமே இல்லை. பயந்துபோய் 'அக்கா' என்று கூப்பிட வாயெடுத்தேன்.

"இருக்கியா?" என்றாள்.

"இருக்கேங்க்கா."

"அப்படியே இரு. குளிச்சிட்டு வந்துர்றேன்."